ஆனைப்பாறைக்கு முந்தின வளைவு

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
10-6-1979

அன்புள்ள மருமகள் பூமாரிக்கு, மாமா சுருளிவேல் தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

எழுத்து ஒன்று மேட்டில் ஏறியும் ஒன்று பள்ளத்தில் இறங்கியும் போகிறது. பொறுத்துக்கொள். காலமெல்லாம் தேயிலை லாரியில் கிளீனராக இருந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுக் காய்த்துப்போன கை இது. பென்சில் அதற்குள் நிற்காமல் வழுக்குகிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் உன் அத்தை ராமுத்தாய் குழம்பு வைத்து இறக்கிவிட்டாள். ஆனாலும் நானேதான் எழுதுகிறேன். தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பாரே, அவரிடம் இனிமேல் போக வேண்டாம். அவரிடம் எதைச் சொன்னாலும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் எழுதுவார். மனதில் இருப்பதை அவரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

தை மாதத்திலிருந்து இங்கே சாவடியில் முதியோர் வகுப்பு நடக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கிருபாவதி டீச்சர் சாயங்காலம் வந்து சொல்லித் தருகிறார்கள். வகுப்பிலேயே நான்தான் மூத்தவன். பூமாரி, நமது தெருவுக்குப் பெயர் இருக்கிறது. உனக்குத் தெரியுமா? மூலையில் தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் அதன் கீழே நின்று பீடி குடித்திருக்கிறேன், தெரியாது.

இப்போது தீப்பெட்டி, சோடா பாட்டில், பஸ் போர்டு எதையும் விடுவதில்லை. சத்தம் போட்டுத்தான் வாசிக்க வருகிறது. ஜீப் ஸ்டாண்டில் ஒச்சாண்டி இருக்கிறான் அல்லவா, என்னோடு லாரியில் டிரைவராக இருந்தவன், இப்போது சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். “ஏலே சுருளி, ஊர்ல இருக்கிற போர்டுக்கெல்லாம் நீதான் மைக் செட்டா? வாய மூடிக்கிட்டு வாசியேன்டா” என்கிறான். வாயை மூடினால் எழுத்தும் மூடிக்கொள்கிறது, நான் என்ன செய்ய?

உன் அத்தை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீ மதுரைக்குப் போனதிலிருந்து உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படி என்று எழுது. பெரிய எழுத்தாக எழுது. நானே வாசிப்பேன்.

இப்படிக்கு உன் மாமா
சுருளிவேல்
(இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)

*

மதுரை
8-7-1979

மாமாவுக்கும் அத்தைக்கும் பூமாரி வணக்கம். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாகிறது. உடனே பதில் எழுதவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலைதான் இப்போதும். விடுதியில் சாப்பாடு பரவாயில்லை.

ஒரு காரியம். எங்கள் முதலாளி சுந்தர்ராஜ் தேனிக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர். மேகமலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறார். எப்படிப் போவது, என்ன பார்ப்பது, மலையின் பழைய கதை, எல்லாம் வர வேண்டுமாம். நான் சின்னமனூர்க்காரி என்று தெரிந்து, மலையை நன்றாக அறிந்த ஆளிடம் எழுதி வாங்கித் தரச் சொன்னார். எனக்கு உங்களைத்தான் தெரியும்.

நான் வீட்டுக்காரரை இழந்தவள் என்று முதலாளிக்குத் தெரியும். வீட்டுக்காரர் அந்த மலைப்பாதையில்தான் லாரியோடு போனார் என்பது தெரியாது. நான் சொல்லவில்லை.

உங்களால் முடியாவிட்டால் வேண்டாம். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

வணக்கத்துடன்
பூமாரி

*

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
22-7-1979

அன்புள்ள பூமாரிக்கு மாமா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். சாரல் அடிக்கிறது, ஈர விறகில் அத்தை மல்லுக்கட்டுகிறாள். நீ மழையில் நனையாதே.

நான் எழுதி அச்சில் வரப்போகிறதா! டீச்சரிடம் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை, உன் கடிதத்தைக் காட்டின பிறகுதான் நம்பினார்கள். எனக்கு ஏன் முடியாது? கண்ணை மூடினால் பாதை ஓடுகிறது. எழுதிக்கொள்.

சின்னமனூரிலிருந்து தென்பழனி வரைக்கும் சமதளம். அங்கே செக்போஸ்ட். அதற்கு மேல் வளைவுகள். எந்த வளைவுக்கும் சர்க்கார் பெயர் வைக்கவில்லை, லாரிக்காரர்கள் வைத்ததுதான். முதலாவது பிள்ளையார் வளைவு, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஏறுவோம். அடுத்தது துரை வளைவு. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் அங்கே நின்றுபோய், குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினாராம். பிறகு கரடி வளைவு, பலாமரத்து வளைவு. அதற்கு மேல் கொட்டாவி வளைவு. அந்த உயரத்தில் எல்லாருக்கும் காது அடைக்கும், கொட்டாவி விட்டால்தான் திறக்கும். புதிதாக வருகிற பெண்பிள்ளைகள் பயந்துபோவார்கள், அதனால் இதைக் கட்டாயம் புத்தகத்தில் போடச் சொல்.

லாரி ஒரே திருப்பில் வளையாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டும். பின்னே வரும்போது கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். ‘போட்டாச்சு’ என்று அவன் குரல் கேட்ட பிறகுதான் டிரைவர் மூச்சு விடுவார்.

மாடசாமி வளைவு என்று ஒன்று உண்டு. மாடசாமி விறகு லாரியில் வந்து அங்கே பள்ளத்தில் விழுந்து போய்விட்டார். ஆள் போன வளைவுக்கு அந்த ஆளின் பெயர்தான். அந்த வளைவில் எல்லா வண்டியும் ஆரன் அடித்துவிட்டுத் திரும்பும். அந்த வீட்டு ஆட்கள் மட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி அதைக் கடக்கக் கூடாது. இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். காலி வண்டி முன்னால் போகும். மாடசாமியின் சம்சாரம் அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இது வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும்.

அதற்கப்புறம் தண்ணித்தொட்டி வளைவு. அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணித்தொட்டிக்கு அப்புறம் ஆனைப்பாறை வளைவு. ஆனைப்பாறை தாண்டினால் தேயிலை தெரியும். குளிரும்.

கை வலிக்கிறது. மேலே உள்ளதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் மாமா
சுருளிவேல்

*

மதுரை
26-8-1979

மாமாவுக்கு வணக்கம். நான் சுகம். அத்தையின் முட்டிவலி எப்படி என்று எழுதவும்.

நீங்கள் எழுதியதை முதலாளி வாசித்தார். நன்றாக இருக்கிறது, ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றார். கொட்டாவி வளைவுக்குச் சிரித்தார்.

தண்ணித்தொட்டிக்கு அப்புறம் ஆனைப்பாறை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே கோர்த்துவிட்டேன்.

மீதியை அனுப்பவும்.

பூமாரி

*

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
30-9-1979

அன்புள்ள பூமாரிக்கு மாமா எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி தைலத்தில் அடங்கியிருக்கிறது. உனக்குச் சளி பிடித்தால் மிளகு போட்டுக் கொதிக்கவைத்துக் குடி.

மேலே உள்ளது இதுதான். மலைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பச்சைக்கூமாச்சி. வெள்ளைக்காரன் கீழே நின்று பார்த்தபோது மலை அலை அலையாகத் தெரிந்ததாம், அதை வைத்து அவன் இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்தான், அது என் வாயில் நுழையாது. மேகமலை என்ற பெயருக்கு விளக்கம் வேண்டாம், போனால் மேகம் சட்டைக்குள் வரும். காட்டை வெட்டி, தேயிலையும் ஏலமும் காபியும் போட்டார்கள். வேலைக்கு வந்த ஆட்களுக்கு லைன் வீடு. ஒரு லைனில் பேசினால் அடுத்த லைனில் பதில் சொல்வார்கள், சுவர் அவ்வளவு மெல்லிசு.

பார்க்க வேண்டியவை: மணலாற்று அணை. தண்ணீர் அசையாது, தேயிலை மேடு தலைகீழாக அதில் கிடக்கும். இரவங்கலாறு. மகாராஜா மெட்டு. அங்கிருந்து பார்த்தால் கேரளத்துப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை. காலையில் ஆனை தண்ணீர் குடிக்க இறங்கும், பார்க்கலாம், பக்கத்தில் போகக் கூடாது. உள்ளே நுழைந்ததும் மலையம்மாள் டீக்கடை. இஞ்சி தட்டிப் போட்டு டீ தருவாள், கடன் சொன்னால் வைவாள். பயணிகள் அங்கேதான் இறங்கிச் சூடு பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்தபோது மேலே போய் வந்தது போலவே இருந்தது. ஒச்சாண்டி, “வாலே, ஜீப் சும்மாத்தான் நிக்கிது, ஒரு எட்டு போயி எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எழுது” என்கிறான். எனக்கு டீச்சர் பரீட்சை வைக்கிறார்கள். மழையாகவும் இருக்கிறது. போன வாரம் கூப்பிட்டான், அன்றைக்குச் செருப்பு அறுந்திருந்தது.

தீபாவளிக்கு வருவாயா? அத்தை கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் மாமா
சுருளிவேல்

*

மதுரை
18-11-1979

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். தீபாவளிக்கு வர முடியவில்லை. லீவு கொடுத்தார்கள். விடுதியிலேயே இருந்தேன்.

நீங்கள் எழுதியதை அச்சடித்துப் பார்த்த தாள் ஒன்று இதனுடன் இருக்கிறது. பிழை இருந்தால் பென்சிலால் குறித்து அனுப்பவும்.

கிறிஸ்துமஸ் லீவில் முதலாளி குடும்பத்தோடு மேகமலைக்குப் போகிறார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியபடி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறாராம்.

பூமாரி

*

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
9-12-1979

அன்புள்ள பூமாரிக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே பனிக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா?

தாள் வந்தது! என் எழுத்து நேராக நிற்கிறது, பூமாரி. மேடு பள்ளம் இல்லை. எல்லாரும் ஒரே உயரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நிற்கிறார்கள். ஒவ்வொன்றையும் நீதான் பொறுக்கி வைத்தாய் என்று நினைத்தபோது வரி விட்டுப்போய், மறுபடி மேலிருந்து ஆரம்பித்தேன்.

பிறகு முடிவெட்டுகிற கடையில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். பிள்ளையார் வளைவில் ஆரம்பித்தேன். கொட்டாவி வளைவில் கடையே சிரித்தது. ஒருவர் பாதித் தாடியோடு எழுந்து வந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். ஒச்சாண்டியும் இருந்தான். தண்ணித்தொட்டி வளைவு வாசித்தேன், ஆனைப்பாறை வளைவு வாசித்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்றைக்கு ஒரு கேலியும் இல்லை.

நான் பார்த்ததில் பிழை எதுவும் இல்லை. அதனால் எதையும் குறிக்கவில்லை.

உன் மாமா
சுருளிவேல்

*

மதுரை
13-1-1980

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நான் சுகம். பொங்கலுக்கு அங்கே கரும்பு நல்ல விளைச்சலா?

முதலாளி மேகமலைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு விஷயம் கேட்டு எழுதச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

முதலாவது. மலையம்மாள் டீக்கடை அங்கே இல்லையாம். அந்த அம்மாள் ஆண்டிபட்டியில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். எழுதிக் கொடுத்தவர் கடைசியாக எப்போது மலைக்குப் போனார் என்று கேட்டார்.

இரண்டாவது. தண்ணித்தொட்டிக்கும் ஆனைப்பாறைக்கும் நடுவில் இன்னொரு வளைவு இருக்கிறதாம். ஜீப் டிரைவர் அங்கே நீளமாக ஆரன் அடித்தாராம். எதிரே வண்டியே இல்லையே, எதற்கு என்று முதலாளி கேட்டிருக்கிறார். “அங்கன கர்ணன் நிக்கிறான் சார், ஒதுங்கிக்கிடட்டும்னுதான்” என்றாராம் டிரைவர். கர்ணன் வளைவு என்று அதற்குப் பெயராம். இது ஏன் விட்டுப்போனது? கர்ணன் என்பவர் யார்? அந்தக் கதையையும் எழுதி வாங்கினால் புத்தகத்துக்கு நன்றாக இருக்கும் என்றார்.

மாமா, அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கட்டின நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. எழுதினதும் இல்லை. முதலாளி எதிரில் நின்று சொல்லச் சொல்லத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

பூமாரி

*

சின்னமனூர்
24-2-1980

சகோதரி பூமாரிக்கு, உங்கள் அத்தை சொல்லச் சொல்லக் கிருபாவதி எழுதுகிறேன். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு. இனி அவர்கள் பேசுவது:

ஆத்தா பூமாரி, நான் நல்லா இருக்கேன். உங்க மாமா நல்லா இல்ல. காய்ச்சல் கீய்ச்சல் இல்ல, பயப்படாத. ஒன் கடுதாசி வந்த நாள்லருந்து பென்சில எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்காக. வகுப்புக்குப் போகல. போர்டு வாசிக்கிறதும் நின்னுபோச்சு. தெருவே ஊமையா கெடக்கு. ஒச்சாண்டி வந்து, “என்னத்தா, மைக் செட்டு ரிப்பேரா?”ன்னு கேட்டாக. நான் சிரிக்கல.

கடுதாசில என்ன இருக்குன்னு கேட்டேன். மலையப் பத்தி ஏதோ கேக்குறாகன்னாக. சோப்பு உறையக்கூட ஊருக்கே கேக்க வாசிக்கிற மனுசன், அத மட்டும் வாய மூடிக்கிட்டு வாசிச்சாக. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதுல யாரு பேரு இருக்குன்னு. டீச்சர் வாசிச்சுக் காட்டட்டுமான்னாக. வேண்டாம்னுட்டேன். என் பிள்ளை போனதுலருந்து அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கல. கேட்டா அவுக வாயிலதான் கேக்கணும்.

அதுலருந்து மலைக்கு அவுக போகவே இல்ல. ஒனக்கு எழுதினதெல்லாம் இங்கன உக்காந்து எழுதினதுதான். நானும் போகல. போனா அங்கன இறங்கி நடக்கணும்ல. எனக்குக் கால் இருக்கு, நடந்துருவேன். அவுகளுக்குத்தான் முடியுமான்னு தெரியல.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. டீச்சர், அம்புட்டுத்தான். மூடிருங்க.

*

மதுரை
9-3-1980

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். அத்தையின் கடிதம் கிடைத்தது. டீச்சருக்கும் என் வணக்கம் சொல்லவும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கர்ணன் என் வீட்டுக்காரர், வழி எழுதிக் கொடுத்தவர் அவருடைய அப்பா என்றேன். அவர் அச்சுத்தாளை எடுத்து மறுபடி வாசித்தார். அப்படியே விட்டுவிடலாம் அம்மா, யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை என்றார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, ஆனால் வளைவு இருக்கிறதே என்றார்.

பங்குனிக் கடைசியில் புத்தகம் அச்சேறுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் முடிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினால் சேர்த்துக் கோர்க்கிறேன். எழுதாவிட்டால் இருக்கிறபடி விட்டுவிடுகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்போதிருந்து எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கிறது. காபியும் தண்ணீரும்கூட.

எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை, மாமா.

பூமாரி

*

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
23-3-1980

அன்புள்ள பூமாரிக்கு மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். நீ இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடு. காபி தண்ணீர் போல இருந்தாலும் குடி.

முதலில் திருத்தம். மலையம்மாள் டீக்கடை இல்லை. உன் முதலாளி சொன்னது சரி. நேரில் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது கம்பெனிக்காரர்கள் தேயிலை மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அதனால் டீக்கடை வரிகளை எடுத்துவிடு. பலாமரத்து வளைவில் பலாமரமும் இல்லை, வேர் மட்டும் இருக்கிறது. பெயர் இருக்கட்டும். லைன் வீட்டில் ஒரு பெண் எங்களுக்கு டீ கொடுத்தாள். இஞ்சி இல்லை.

இனி மற்றது.

வியாழக்கிழமை காலையில் உன் அத்தை சேலையை மாற்றிக்கொண்டு நேரே ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் ஒச்சாண்டியின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து, “ஏலே, ஒன் வீட்டம்மா வண்டியில இருக்காக. நீ வர்றியா, நாங்க போகட்டுமா?” என்றான். என்னிடம் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. செருப்பும் நன்றாக இருந்தது.

கொட்டாவி வளைவில் மூன்று பேரும் கொட்டாவி விட்டோம். தண்ணித்தொட்டி தாண்டினதும் ஒச்சாண்டி ஜீப்பை நிறுத்தினான். நாங்கள் இறங்கினோம். அவன் நீளமாக ஆரன் அடித்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

அத்தை மலையை ஒட்டிக் கடகடவென்று நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குக் கால் எழவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவள் அந்தப் பக்கம் போய் நின்று, “ஏன் இன்னும் அங்கனயே நிக்கிறீக? பின்னால வண்டி வருது” என்று சத்தம் போட்டாள். வண்டி எதுவும் வரவில்லை. சும்மா சொன்னாள்.

நடந்தேன். வளைவின் முனையில், பள்ளத்துப் பக்கம், சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று நிற்கிறது. லாரிக்காரர்கள் நட்டது. அதில் தாரால் எழுதியிருந்தார்கள். எழுத்தைப் பார்த்தால் என் வாய் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். நான் நினைப்பதற்குள் வாசித்துவிட்டது. வகுப்பில் வாசிப்பது போலவே, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு, பிறகு சேர்த்து, கர்ணன் என்று.

அத்தை அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தாள். என் பக்கத்தில் வந்து கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னொரு தடவ வாசிங்க” என்றாள்.

வாசித்தேன்.

“எந்த எழுத்து எதுன்னு தொட்டுக் காட்டி வாசிங்க.”

தொட்டுக் காட்டி வாசித்தேன். அவள் விரலையும் வைத்து வாசித்தேன். வெயிலில் தார் இளகியிருந்தது, விரலில் ஒட்டியது. ஒச்சாண்டி ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டு, மைக் செட்டு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளத்தில் எதுவும் இல்லை, பூமாரி. உண்ணிச்செடி மூடிவிட்டது, பூத்திருக்கிறது. தலையை நிமிர்த்தினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. காலமெல்லாம் அந்த வளைவில் என் கண் பின்சக்கரத்தில்தான் இருக்கும். டிரைவரின் கண் ரோட்டில் இருக்கும். அங்கே இப்படி ஒரு காட்சி இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பக்கத்தில் கீழே உள்ளதைச் சேர்த்துவிடு:

“தண்ணித்தொட்டிக்கும் ஆனைப்பாறைக்கும் நடுவில் இருப்பது கர்ணன் வளைவு. கர்ணன் தேயிலை லாரி டிரைவர். சின்னமனூர்க்காரர். வண்டிகள் இங்கே ஆரன் அடித்துத் திரும்ப வேண்டும். இறங்கி நடக்கிறவர்களுக்குக் கீழே நெல் வயலும், தென்னந்தோப்பும், நடுவில் முல்லையாறும், நம் ஊரும் தெரியும். வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது.”

இதற்கு மேல் கதை வேண்டாம் என்று உன் முதலாளியிடம் சொல். கோர்க்கும்போது அந்தப் பெயரை நீ வாயால் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைப் பொறுக்கி வைத்தால் போதும். முடியாவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் வேறு யாரையாவது வைக்கச் சொல். குறை ஒன்றும் இல்லை.

நீ வருகிற நாளில் ஒச்சாண்டி தண்ணித்தொட்டியில் நிறுத்துவான். அத்தை உன்னோடு நடப்பதாகச் சொல்கிறாள். வழி அவளுக்குத் தெரியும் என்கிறாள். அவசரம் இல்லை.

அத்தை நாளையிலிருந்து வகுப்புக்கு வருகிறாளாம். நாலு எழுத்து இப்போதே தெரியும் என்று டீச்சரிடம் பெருமை அடித்திருக்கிறாள்.

பென்சில் கட்டையாகிவிட்டது. அடுத்த வாரம் புதுப் பென்சில் வாங்கி எழுதுவேன். எழுத என்ன இருக்கும் என்று இப்போது தெரியவில்லை, ஆனாலும் எழுதுவேன்.

உன் மாமா
சுருளிவேல்